இழுவைத் தண்டை வெட்டச் சொன்னவர்களுக்கு

இடம் போதவில்லை என்று வாய்விட்டுச் சொன்னால் போதும், எதையாவது வெட்டச் சொல்ல ஆள் வந்துவிடும். படகு ட்ரெய்லர் வீட்டு வளவுக்குள் முழுதாக அடங்கவில்லை என்று நான் சொல்லத் தொடங்கியதிலிருந்து எனக்குக் கிடைத்த அறிவுரைகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் போய் முடிந்தன: முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இழுவைத் தண்டை வெட்டிவிடு. மதிலை உடைத்துப் பின்னுக்குத் தள்ளிக் கட்டு என்றார்கள் சிலர். கிணற்றடியை இடித்துவிடு, குழாய்த் தண்ணீர்தான் வருகிறதே என்றார் ஒருவர். மதிலையும் கிணற்றையும் பற்றி நான் இரண்டாவது தடவை யோசிக்கவில்லை. தண்டை வெட்டும் யோசனைதான் விடாமல் தொந்தரவு செய்தது. கணக்குப் பார்த்தால் அது சரியாக வந்தது. ஒரு பிற்பகல் வேலை, செலவும் குறைவு, படகு உள்ளே போய்விடும். இருந்தும் மனம் ஒப்பவில்லை. ஏன் ஒப்பவில்லை என்று எனக்கே விளங்குவதற்குப் பல நாள் சென்றது. அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

மாரியில் படகை ஏன் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்று திருகோணமலைக்காரர் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. திருக்கடலூர்ப் பக்கத்துக் கரை வடகிழக்கைப் பார்த்துத் திறந்து கிடக்கிறது. வாடை தொடங்கினால் அலை நேரே வந்து மணலை அரிக்கும். இங்கே வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு என்பதால் நல்ல காலத்தில் படகைச் சில பாகம் மேலே இழுத்துவிட்டாலே போதும். அந்தப் பழக்கமே மாரியில் படகைப் பறிகொடுக்க வைக்கிறது. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரேவிப் புயல் எங்களுக்கு வடக்கே கரையேறியபோது, படகை எங்கே வைப்பது என்று ஊரில் எத்தனை பேர் ஓடித் திரிந்தார்கள் என்பது பலருக்கும் நினைவிருக்கும். 2004 சுனாமிக்குப் பிறகு அப்பா ஒரு முடிவோடு இருந்தார்: ஐப்பசி பிறந்தால் படகு வீட்டு மதிலுக்குள் நிற்க வேண்டும். பழைய படகு சிறியது, அதனால் அவருக்கு இடப்பிரச்சினை வரவில்லை. இப்போது தம்பியும் நானும் வைத்திருப்பது பதினெட்டரை அடிப் பைபர் படகு.

அளவுகளைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றவை விளங்காது. வீட்டுச் சுவருக்கும் அயல் மதிலுக்கும் இடையில் ஏழடி நாலு அங்குல அகலத்தில் ஓர் ஓடை. ஒரு முனையில் இரும்புப் படலை, மறுமுனையில் கிணற்றடிச் சீமெந்துத் தளம். இரண்டுக்கும் இடையில் 20 அடி. படகின் அகலம் ஐந்தரை அடி என்பதால் அகலத்தில் குறை இல்லை. நீளத்தில்தான் சிக்கல். படகு 18 அடி 6 அங்குலம். தூக்கி மடித்த மோட்டார் பின்பலகைக்கு வெளியே 2 அடி நிற்கும். படகின் மூக்குக்கு முன்னால் இழுவைத் தண்டு 3 அடி 8 அங்குலம் நீளும். எல்லாம் சேர்த்து 24 அடி 2 அங்குலம். மோட்டாரை மாரிக்கு எப்படியும் கழற்றி, நன்னீரில் ஓடவிட்டுக் கழுவி, வீட்டுக்குள் தாங்கியில் மாட்டிவிடுவோம் என்பதால் அந்த 2 அடி போய்விடும். மிச்சம் 22 அடி 2 அங்குலம். படலையைச் சாத்தவும் கிணற்றடிக்கு ஆள் போய்வரவும் இரண்டரை அடிக்கு மேல் குறைய வேண்டியிருந்தது.

தண்டின் நீளம் எதற்கு

வெட்டச் சொன்னவர்கள் எல்லோரும் படகு நிற்கும் இடத்தில் வைத்துத்தான் ட்ரெய்லரைப் பார்த்தார்கள். ஓடைக்குள் நிற்கும்போது அந்த மூன்றே முக்கால் அடி வெறும் இரும்புதான், யாருடைய முழங்காலையாவது இடிப்பதைத் தவிர அதற்கு வேலை இல்லை. கடற்கரையில் அதன் கதை வேறு. மணலில் படகை இறக்கும்போது உழவு இயந்திரம் ட்ரெய்லரைப் பின்பக்கமாகத் தண்ணீருக்குள் தள்ளுகிறது. படகு மிதக்கும் ஆழத்துக்கு ட்ரெய்லரின் பின்பாதி போக வேண்டும், உழவு இயந்திரத்தின் சில்லுகளோ ஈரமணலுக்கு வெளியே நிற்க வேண்டும். அந்த இடைவெளியைக் கொடுப்பது தண்டின் நீளம்தான். மூன்றடியை வெட்டினால் உழவு இயந்திரம் மூன்றடி கூடுதலாகக் கடலுக்குள் இறங்க வேண்டும். அலை வாங்கும் கரையில் அந்த மூன்றடி, சில்லு புதைவதா இல்லையா என்பதைத் தீர்மானித்துவிடும்.

பின்னோக்கி ஓட்டும்போது இன்னும் மோசம். எங்கள் வீடு ஒழுங்கையின் முட்டில் இருக்கிறது. படகு பின்பக்கமாக உள்ளே போக வேண்டுமானால், சந்தியிலிருந்து ஒழுங்கை முழுவதும் பின்னோக்கித்தான் வர வேண்டும். தண்டின் நுனியை உழவு இயந்திரத்தில் பூட்டும் கொளுக்கிக்கும் ட்ரெய்லரின் அச்சுக்கும் இடையே உள்ள தூரம் குறையக் குறைய, ட்ரெய்லர் ஸ்டியரிங்கின் சின்ன அசைவுக்கும் சட்டென்று திரும்பிவிடும். நீண்ட தண்டு உள்ள ட்ரெய்லர் ஓட்டுபவருக்குத் தவறைத் திருத்திக்கொள்ள நேரம் கொடுக்கிறது. இரண்டு பக்கமும் மதில் உள்ள ஒழுங்கையில் அந்த நேரம் பெரிய சொத்து. இதோடு, தண்டு குட்டையாகிவிட்டால் கூர்மையாகத் திரும்பும்போது உழவு இயந்திரத்தின் பின்சில்லு படகின் மூக்கில் உரசும். பைபரில் ஒரு தடவை வெடிப்பு விழுந்தால் அதன் வழியே ஈரம் உள்ளே இறங்கும், பிறகு அது படகோடு நிற்கும் நோய்.

ஆக, அந்த இரும்பு கடற்கரையில் முழு நீளத்தோடும் வீட்டில் மிகக் குறைந்த நீளத்தோடும் இருக்க வேண்டும். இப்படி எனக்குள் தெளிவாகச் சொல்லிக்கொண்ட பிறகுதான் வெட்டுவதா விடுவதா என்ற கேள்வி என்னை விட்டுப் போனது. மடிக்க வேண்டும். வெளிநாடுகளில் படகு ட்ரெய்லர்களுக்கு இதற்கென்றே கீல் செய்து விற்கிறார்கள். தண்டைக் குறுக்கே அறுத்து, இரு துண்டுகளையும் ஒரு பக்கம் கீலாலும் மறுபக்கம் கழற்றக்கூடிய ஊசியாலும் இணைப்பது அதன் முறை. ஊசியை உருவினால் முன்துண்டு பக்கவாட்டில் மடிந்துபோகும், திருப்பி நேராக்கி ஊசியைப் போட்டால் பழைய தண்டு. இது ஒற்றைத் தண்டு உள்ள ட்ரெய்லருக்கு மட்டும் பொருந்தும். முன்னால் இரண்டு சட்டங்கள் கூராகச் சேரும் வகை என்றால், அந்தக் கூருக்கு முன்னால் போதிய ஒற்றைத் தண்டு நீண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் இந்த வழியே இல்லை.

ஊசியை எடுத்ததும் மூக்கு எதில் நிற்கும்?

வேலையை ஒப்படைக்க நான் தேடிப் போனவர் முப்பது வருடத்துக்கும் மேலாக இரும்பு ஒட்டுபவர். உழவு இயந்திரப் பெட்டிகளும் படலைகளும்தான் அவருடைய வழக்கமான வேலை. நான் காகிதத்தில் வரைந்துகொண்டு போனதை அவர் பார்த்தார், மடித்து என் கையிலேயே திருப்பித் தந்தார், “படகைப் பார்க்க வேண்டும், தம்பி” என்றார். அன்று மாலையே வந்தார். ட்ரெய்லரைச் சுற்றி நடந்தார். தண்டின் நுனிக்குப் பக்கத்தில் இருந்த முன்சில்லின் மேல் காலை வைத்துக்கொண்டு நின்றார். கொளுக்கியிலிருந்து கழற்றியதும் ட்ரெய்லரின் முன்பக்கத்தைத் தாங்கி, கையால் தள்ளிக்கொண்டு போக உதவும் சின்னச் சில்லு அது. பிறகு கேட்டார்: “நீங்கள் சொல்கிறபடி இந்த இடத்தில் மடிக்கலாம். ஊசியை எடுத்ததும் மூக்கு எதில் நிற்கும்?”

அந்த ஒரு கேள்வியில் முழு வேலையும் அடங்கியிருந்தது. முன்சில்லு இருப்பது மடியப்போகும் துண்டில். அந்தத் துண்டைப் பக்கவாட்டில் திருப்பினால் தாங்கலும் அதோடு திரும்பிவிடும். சட்டத்தின் முன்பக்கம் தாங்கலில்லாமல் கீழே விழும், அதன் மேல் நாலு நூறு கிலோப் படகு. ஊசியை உருவுபவர் அப்போது குனிந்துகொண்டு அதே இடத்தில்தான் இருப்பார். “தம்பியோ நீங்களோ இல்லாத நேரத்தில் அம்மா யாரையாவது கூப்பிட்டுப் படலையைச் சாத்தச் சொன்னால், வருகிறவனுக்கு இது தெரியுமா?” என்று அடுத்ததாகக் கேட்டார். அளவை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, இந்த ஓடைக்குள் யார் யார் கை வைப்பார்கள் என்ற பக்கத்தைத் திறந்துவிட்டவர் அவர்தான். ஐயா என்று மரியாதைக்காக அழைக்கத் தொடங்கியிருந்தேன், அன்றிலிருந்து மனதாலும் அப்படித்தான் அழைக்கிறேன்.

முன்சில்லைக் கீலுக்குப் பின்னால், சட்டத்தோடு அசையாமல் இருக்கும் பகுதிக்கு மாற்றுவது என்று முடிவாயிற்று. அங்கேயும் ஒரு கணக்கு இருக்கிறது. பின்பலகையில் தொங்கும் 25 குதிரைவலு மோட்டார் ஏறத்தாழ 50 கிலோ. அது அச்சுக்கு 6 அடி பின்னால் இருக்கிறது, முன்சில்லு வரும் இடம் அச்சுக்கு 13 அடி முன்னால். மோட்டார் இருக்கும்வரை அதன் எடை பின்பக்கத்தைக் கீழே அழுத்தி முன்பக்கத்தை ஓரளவு தூக்கிப் பிடிக்கிறது. மாரிக்கு அதைக் கழற்றியதும் முன்சில்லின் மேல் இருபது கிலோவுக்கு மேல் புதிதாக ஏறுகிறது. அச்சைப் பிடிக்கும் யூ போல்ட்டுகளைத் தளர்த்தி அச்சை முன்னுக்கு நகர்த்தினால் அந்தப் பாரம் குறையும்தான். ஆனால் கோடையில் மோட்டாரோடு இழுத்துப் போகும்போது முன்பாரம் போதாமல் ட்ரெய்லர் தெருவில் வாலாட்டத் தொடங்கும். அச்சைத் தொடவில்லை. பழைய முன்சில்லுக்குப் பதிலாக அகலமான, கனத்த சில்லு ஒன்றைப் போட்டோம், மணலிலும் அது புதையாமல் உருள்கிறது. அதோடு சட்டத்தின் இரு பக்கமும் இறக்கி ஊன்றக்கூடிய இரண்டு கால்கள். கால்கள் தரையில் ஊன்றிய பிறகே ஊசி, இது இப்போது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஒழுங்கு. பாரம் தண்டில் இருக்கும்போது ஊசி இறுகிக் கிடக்கும், சுத்தியலால் அடித்தாலும் வராது. முன்பக்கத்தைச் சற்றே உயர்த்தினால் விரலால் வெளியே வரும். அது வராவிட்டால் இன்னும் ஏதோ தாங்கப்படவில்லை என்று அர்த்தம்.

கீலை எந்த இடத்தில் வைப்பது என்பதிலும் ஐயாவுக்குத் திட்டமான கருத்து இருந்தது. படகை ட்ரெய்லர் மேல் இழுத்தேற்றும் வின்ச் பூட்டிய கம்பத்துக்கு நெருக்கமாக வைத்தால் அதிகம் மடிக்கலாம் என்பது என் எண்ணம். தேவைக்கு மேல் ஓர் அங்குலம்கூட மடிக்கக் கூடாது என்றார் அவர். கொளுக்கியில் விழும் பாரம் தண்டை வளைக்கப் பார்க்கும் விசை, கொளுக்கியருகே ஒன்றுமில்லாமல் தொடங்கிச் சட்டத்தை நெருங்க நெருங்கக் கூடிக்கொண்டே போகிறது. கீல் எவ்வளவு முன்னால் இருக்கிறதோ அவ்வளவு குறைவாக அது வருந்தும். எங்களுக்குத் தேவைப்பட்டது 2 அடி 9 அங்குலம். கொளுக்கியிலிருந்து அளந்து அங்கேயே அறுத்தோம். இப்போது மடித்த நிலையில் மொத்தம் 19 அடி 5 அங்குலம். இன்னும் பின்னால் அறுத்திருந்தாலும் பெரிதாக மிச்சம் வந்திராது, ஏனென்றால் படகின் மூக்கு 18 அடி 6 அங்குலத்தில் நிற்கிறது, அது மடியாது.

ஒட்டாமல் பூட்டியது

இரும்பு ஒட்டிப் பிழைப்பவரே ஒட்ட வேண்டாம் என்று சொன்னது எனக்குப் பெரிய நம்பிக்கையைத் தந்தது. தண்டு மூன்றங்குலச் சதுரப் பெட்டிக் குழாய், துத்தநாகம் பூசியது. அதில் ஒட்டினால் சூடு பட்ட இடத்தில் உள்ளேயும் வெளியேயும் பூச்சு எரிந்துபோகும். வெளியே மறுபடி பூசலாம், குழாயின் உள்ளே தூரிகை போகாது. ஒவ்வொரு தடவை படகை இறக்கும்போதும் உப்புத் தண்ணீர் குழாய்க்குள் புகுந்து வருகிறது. துரு உள்ளிருந்து தின்று, ஒட்டுக்குப் பக்கத்தில் ஒரு நாள் முறியும்போதுதான் நமக்குத் தெரியும். துத்தநாகத்தைச் சுட்டால் வரும் வெள்ளைப் புகையும் நல்லதல்ல, அதை மூச்சில் வாங்கியவருக்கு அன்றிரவே குளிர்காய்ச்சல் வரும். ஆகவே கீலின் தகடுகளைக் குழாயின் இருபக்கமும் வைத்து, ஊடுபோல்ட்டுகளால் பூட்டினோம். போல்ட்டை இறுக்கும்போது குழாய் நசுங்கிவிடாமல், அறுத்த வாய்வழியாக உள்ளே இரும்புக் கட்டை ஒன்றை முதலில் செருகி, அதையும் சேர்த்துத் துளைத்தோம். அறுத்த முகத்துக்கும் துளைகளுக்கும் துத்தநாகப் பூச்சை இரண்டு தரம் அடித்தோம். ஊசித் துளையைப் பொறுத்தவரை ஐயா மிகக் கண்டிப்பாக இருந்தார். ஊசி தளர்ந்திருந்தால் ஒவ்வொரு குலுக்கலுக்கும் இரும்பு இரும்பை அடிக்கும், துளை நீள்வட்டமாகும், பிறகு அதற்கு முடிவில்லை.

இன்னொன்று, இதைச் செய்ய நினைப்பவர்கள் தயவுசெய்து விடாதீர்கள். பாதுகாப்புச் சங்கிலி பெரும்பாலும் கொளுக்கிக்குப் பக்கத்தில், அதாவது மடியும் துண்டில்தான் பூட்டப்பட்டிருக்கும். கீல் வைத்த பிறகு அதன் வேர் கீலுக்குப் பின்னால், சட்டத்துக்கு வர வேண்டும். ஊசி கழன்று முன்துண்டு பிரிந்தால், பழைய இடத்தில் இருக்கும் சங்கிலி அந்தத் துண்டை மட்டும்தான் பிடித்துக்கொண்டிருக்கும், படகு தன் வழியே போய்விடும். நாங்கள் ட்ரெய்லரை நடைவேகத்தில் கரைக்கும் வீட்டுக்கும் மட்டும் இழுக்கிறோம். வான் வண்டியில் பூட்டி நிலாவெளிக்கும் குச்சவெளிக்கும் வேகமாக ஓட்டுபவர்கள் தாங்குதிறன் பொறித்த, தொழிற்சாலையில் செய்த கீலையே வாங்கிப் போடுங்கள். எங்களுடையதை அந்த வேகத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முன்துண்டு எந்தப் பக்கம் மடிய வேண்டும் என்பதை அம்மாதான் முடிவு செய்தார். வீட்டுச் சுவர்ப் பக்கம் என்றால் அவர் படலைக்குப் போய்வரும் வழியில் இரும்பு வந்து நிற்கும். அயல் மதில் பக்கம் மடித்தால் அது படகின் மூக்கு விரிந்து நிற்கும் நிழலுக்குள் அடங்கிவிடுகிறது. அங்கேயே மடிகிறது.

கிணற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த முழு வேலையும் அதைக் காப்பாற்றத்தான். 2004இல் எங்கள் கிணறு உப்பேறிப்போனது. அடுத்து வந்த மாரி மழைகள் மெல்ல மெல்ல அதை நன்னீராக்கின. அந்தத் தண்ணீர் திரும்பிய ஆண்டில் அம்மா முதல் வாளியை அள்ளி வாயில் விட்டுப் பார்த்ததைக் கண்டவன் நான். குழாய் வந்துவிட்டது என்பதற்காக அதை மூடச் சொல்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை. இப்போது படகின் பின்பலகை கிணற்றடியைப் பார்த்து நிற்கிறது, தண்ணீர் வடியும் துளையும் அந்தப் பக்கம்தான். மாரியில் அந்தத் துளையை அடைத்து வைக்க முடியாது. இந்தப் படகின் வாய் ஏறத்தாழ 7 சதுர மீற்றர். ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் மழை பெய்வது இங்கே புதிதல்ல, அப்படிப் பெய்தால் படகுக்குள் 700 லீற்றர், அதாவது 700 கிலோ. எந்த ட்ரெய்லர் அதைத் தாங்கும்? மூக்கை உயர்த்தி, அடைப்பானை எடுத்துவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். படுதா போட்டாலும் நடுவில் உயர்ந்த கம்பு இல்லாவிட்டால் அதிலேயே குளம் கட்டும். ஆகவே மோட்டாரைக் கழற்றிய கையோடு படகின் அடிப்பகுதியிலுள்ள எண்ணெயையும் பெற்றோலையும் துணியால் ஒற்றி எடுத்து, சவர்க்காரம் போட்டுக் கழுவி, அந்தக் கழிவைச் சேர்த்து அகற்றிவிட்டுத்தான் வளவுக்குள் கொண்டுவருகிறோம். பின்பலகைக்குக் கீழே சீமெந்தில் ஒரு சிறு வாய்க்கால் வெட்டி, மதிலோரமாகப் படலைப்பக்கம் திருப்பி ஒழுங்கைக் கானுக்கு விட்டிருக்கிறேன். கிணற்றடித் தளத்தை அந்தத் தண்ணீர் தொடுவதில்லை.

இந்த வேலையைப் பார்த்துவிட்டுக் கிண்ணியாவிலிருந்து ஒருவர் அளவு கேட்டு வந்தார். கொடுத்தேன், ஆனால் அவருடைய படலை ஒழுங்கைக்குப் பக்கவாட்டில் இருக்கிறது. எங்களுடையது நேரே நுழையும் இடம். பக்கவாட்டில் திரும்பி நுழைய வேண்டும் என்றால், அச்சிலிருந்து படகின் மூக்குவரை உள்ள தூரம் ஒழுங்கையின் அகலத்துக்குள் சுழலுமா என்பதுதான் முதல் கேள்வி. எங்கள் படகில் அது பன்னிரண்டரை அடி, தண்டை மடித்தாலும் அது குறையாது. அவருடைய ஒழுங்கை பத்தடி என்றார். கீலுக்குக் காசு செலவழிக்க முன், தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, வெறும் ட்ரெய்லரைக் கையால் தள்ளித் திருப்பிப் பார்க்கச் சொல்லி அனுப்பினேன். ஐயாவையும் கூட்டிக்கொண்டு அடுத்த ஞாயிறு அங்கே போகிறோம். எதிர்ப்பக்கத்து வேலியை உரிமையாளர் சற்று உள்ளே எடுக்கச் சம்மதித்தால் வழி இருக்கிறது என்று ஐயா நினைக்கிறார்.